வாசகர் கேள்வி – பதில்: அறிவியலுக்கும் பொறியியலுக்கும் இழுப்பது எது?

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் காலம் ஆதலால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேற்படிப்பைப் பற்றியவை. கேட்ட விதம் வேறுபட்டாலும், ஒருவரை அறிவியலுக்கோ பொறியியலுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது எது என்னும் ஐயம் அவற்றில் பலவற்றுக்கும் பொதுவாக இருந்தது. அக்கடிதங்களை மட்டும் தனியே எடுத்து இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். அன்று முதல் இஸ்ரோவில்தான் வேலை பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து வந்த மோகமா, நிலைக்கக்கூடிய ஆசையா?
— ஒரு தாயார், விருத்தாசலம்

பதில்: பதின்மூன்று வயது ஆசையை நாம் நினைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பொருட்படுத்தலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பில் படித்த மாணவர்களிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் தரவுகளை ராபர்ட் டாய் என்பவரும் அவருடைய சகஆய்வாளர்களும் அலசி, முடிவுகளை 2006-இல் வெளியிட்டார்கள். அறிவியல் தொடர்பான வேலையில் இருப்பேன் என்று அன்று சொன்னவர்கள், அப்படிச் சொல்லாதவர்களைவிட இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளிலோ பொறியியலிலோ பட்டம் பெறும் வாய்ப்பு 3.4 மடங்கு கூடுதலாக இருந்தது. மதிப்பெண், குடும்பப் பின்னணி ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை.

ஆசைப்பட்டதனால்தான் பட்டம் கிடைத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆசையை எட்டாம் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லத் துணியும் பிள்ளைக்கு, அதைக் கேட்டு எள்ளி நகையாடாத ஒரு வீடும் இருந்திருக்கலாம். தங்கள் மகளுக்கு அப்படிப்பட்ட வீடு இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. இனி அந்த ஆசைக்கு விவரம் சேர வேண்டும். இஸ்ரோ என்பது ஒரு வேலையின் பெயராக இருக்க முடியாது. இயந்திரவியல், மின்னணுவியல், வேதியியல், கணினி, உலோகவியல் என்று பல துறையினர் அங்கே இருக்கிறார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இயந்திரவியலில் டிப்ளமோ படித்து, பிறகு பொறியியலுக்குச் சென்றவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். ராக்கெட்டின் திரவ எரிபொருள் எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி வளாகமும் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவற்றில் எந்தப் பக்கம் தன் மனம் சாய்கிறது என்பதை மகள் கண்டுகொள்வதற்கு, அடுத்த இரண்டு ஆண்டுகள் போதுமானவை.

கேள்வி: விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றிலும் சிறுவயதில் ஒரு பொறி தட்டிய தருணம் ஒன்று வருகிறது. வகுப்பில் நானே இத்தகைய கதைகளை ஆண்டுக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். அவை உண்மைதானா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

பதில்: அவை நடந்தவைதான், ஆனால் பாதிக் கதை. ஐன்ஸ்டீன் நான்கைந்து வயதில் தந்தை காட்டிய திசைகாட்டியைக் கண்டு வியந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதினார். அதே ஜெர்மனியில் திசைகாட்டியைக் கண்டு வியந்துவிட்டுப் பிறகு கடை வைத்தவர்களும் கணக்கெழுதப் போனவர்களும் ஏராளமாக இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் போய் உங்கள் இளமைப் பருவம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. மேலும், ஐன்ஸ்டீனின் தந்தையும் சிற்றப்பாவும் மின்கருவி நிறுவனம் நடத்தியவர்கள் என்பதும், வாரந்தோறும் வீட்டுக்கு உணவருந்த வந்த மருத்துவ மாணவர் ஒருவர் அவருக்கு அறிவியல் நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதும், திசைகாட்டிக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதிகள்.

நம் பக்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்கு ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அப்படி ஒன்று தமக்கும் வேண்டும் என்பதற்காகவே கோவைக்குச் சென்று ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வண்டியை வாங்கியதும் அதை அக்கக்காகக் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் அவர் தொடங்கிய தொழில் எப்படிப் பெருகியது என்பதைத் தலைமையாசிரியரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பின் நடந்ததை. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்த பிறகு, அதுவரை மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. மோட்டாருக்கும் பம்புக்கும் வார்ப்படப் பட்டறைகள் தேவைப்பட்டன. நூற்பாலைகளுக்கு உதிரி பாகங்கள் தேவைப்பட்டன. தெருவுக்குத் தெரு லேத் ஓடும் ஊரில், இயந்திரம் என்பது பெரிய மனிதர்கள் வீட்டு விவகாரமாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பாக ஆகிவிட்டது. ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. கோவையில் ஹோப் காலேஜ் என்று பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் இருப்பது அதனால்தான். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சி. பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்தில் பிறந்து, தமிழ்வழியில் அரசுப் பள்ளிகளில் படித்த மயில்சாமி அண்ணாதுரை அந்தக் கல்லூரியில்தான் பொறியியல் பட்டம் பெற்றார். 2008 அக்டோபர் 22 அன்று விண்ணில் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்துக்கு அவர்தான் இயக்குநர். மோட்டார் சைக்கிளை ஓர் இளைஞர் வாய் பிளந்து பார்த்தது ஒரு நிமிடத்துச் செய்தி. அடுத்த தலைமுறை இளைஞருக்குப் பட்டறையும் கல்லூரியும் பேருந்து ஏறிப் போகும் தொலைவில் இருந்தன என்பது ஐம்பது ஆண்டுச் செய்தி. இரண்டாவது செய்திக்குத்தான் நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

பொறி தட்டிய தருணமே இல்லாத வாழ்க்கைகளும் உண்டு. பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத் தோடு தந்தபோது அதை வேண்டாம் என்று கூறி, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கியவர் என்பது எல்லாரும் விரும்பிச் சொல்லும் கதை. ஆயினும் அவர் முதலில் விரும்பியது மருத்துவம். இயற்பியல் நன்றாக வந்தது என்பதால் சென்னை மாநிலக் கல்லூரியில் அதைப் படித்தார். பெங்களூரில் சர். சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. 1945-இல் இயற்பியல் ஆராய்ச்சிக்கென்று இங்கிலாந்து சென்றவருக்கு அங்கே வாய்த்தது வானிலைக் கருவிகளில் பயிற்சி. அதையே பற்றிக்கொண்டு, 1948-இல் புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில், எங்கே எவ்வளவு காற்று என்று அவர் அளந்து தொகுத்த பணி, பிற்காலச் சூரிய மின்சக்திக்கும் காற்றாலைகளுக்கும் அடித்தளமாயிற்று. வானிலைக் கருவிகளின் மீது அவருக்குச் சிறுவயதுக் காதல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கிடைத்த வேலையை ஆழமாகச் செய்யச் செய்ய ஆர்வம் பின்னால் வந்து சேர்ந்த வாழ்க்கை அது. வகுப்பில் சொல்வதற்கு இந்தக் கதையும் ஏற்றதுதான். பொறி எதுவும் தட்டாத பிள்ளைகளே வகுப்பில் அதிகம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி ஆகப் போகிறேன். சம்பளம் கிடைக்கும் என்பதற்காகவே வீட்டில் என்னைப் பொறியியலில் சேர்த்தார்கள். நானும் அதற்காகவே சேர்ந்தேன். ஆர்வத்தோடு வந்தவர்கள் பேசுவதைக் கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது.
— இரண்டாம் ஆண்டு மாணவர், நாமக்கல்

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆர்வத்தை மட்டுமே காரணமாகச் சொல்லக்கூடிய வசதி சிலருக்கு வாய்த்திருக்கிறது என்பதைத் தவிர, அந்தப் பேச்சில் உயர்வு எதுவும் இல்லை. நம் மாநிலத்தில் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அளிக்கத் தொடங்கியதும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியதும், வீட்டின் நிலையை மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களை எதிர்பார்த்துத்தானே? இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், குமரி மாவட்டத்து விவசாயியின் மகன். பொறியியல் படிக்க விரும்பிய அவரைச் செலவு கருதி முதலில் பி.எஸ்ஸி. கணிதத்தில்தான் சேர்த்தார்கள். பணம் நுழையாத கல்வி முடிவு நம் வீடுகளில் மிகவும் அரிது.

சம்பளத்துக்காகச் சேர்ந்தவருக்கு ஆர்வம் வராது என்பதும் சரியன்று. அதற்கு நேர்மாறான நிலையில் இருந்தவர் ராமன். ஆர்வம் நிறைய இருந்தது, அதற்குச் சம்பளம் தருவார் இல்லை. இந்தியர் ஒருவர் அறிவியலையே தொழிலாகக் கொள்ள அன்று ஏறக்குறைய வழியே கிடையாது என்பதால், நிதித் துறைத் தேர்வு எழுதி 1907-இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகச் சேர்ந்தார். அங்கே பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வகம் அதிகம் பயன்படாமல் கிடந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே போய் உழைத்துவிட்டு, 1917-இல்தான், அதுவும் குறைந்த ஊதியத்துக்கு, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். மாதச் சம்பளமும் ஆராய்ச்சியும் பத்தாண்டுகள் ஒரே மனிதரிடம் இருந்திருக்கின்றன. நீங்கள் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறீர்கள். எந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பில் நேரம் போவது தெரியவில்லையோ, அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் ஒரு சிறு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள்.

கேள்வி: கணக்கில் சுமாரான மதிப்பெண் எடுப்பவர்கள் இத்துறைகளை மறந்துவிட வேண்டியதுதானா?
— ஒரு தந்தை, தருமபுரி

பதில்: இல்லை. விருத்தாசலத்துத் தாயாருக்குச் சொன்ன அதே ஆய்வில், அறிவியல் வேலையை எதிர்பார்த்த சராசரிக் கணக்கு மாணவர்கள் இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளிலோ பொறியியலிலோ பட்டம் பெறும் வாய்ப்பு 34 விழுக்காடு. கணக்கில் சிறந்து விளங்கியும் அந்த எதிர்பார்ப்பு இல்லாதவர்களுக்கு 19 விழுக்காடு. கணக்கு தேவைதான், ஆனால் அது உழைத்தால் வரக்கூடியது.

கேள்வி: பெண்களை இயந்திரவியல், மின்பொறியியல் போன்ற பிரிவுகளுக்கு வரவழைக்கச் சாதனைப் பெண்களின் படங்களைப் பள்ளிச் சுவரில் மாட்டினால் போதுமா?
— கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: போதாது என்றுதான் நினைக்கிறேன். பொருளியலாளர் ராஜ் செட்டியும் மற்றவர்களும் அமெரிக்காவில் பன்னிரண்டு லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைப் பதிவுகளை வரிக்கணக்குகளோடு இணைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. ஒரு குறிப்பிட்ட துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் மிகுதியாக உள்ள பகுதியில் வளர்ந்த சிறுமிகள், அதே துறையில் கண்டுபிடிப்பாளர்களாகும் வாய்ப்பு உயர்ந்தது. ஆண் கண்டுபிடிப்பாளர்கள் மிகுந்த பகுதியில் வளர்ந்த சிறுமிகளுக்கு அந்தப் பயன் ஏற்படவில்லை. அருகில், கண்ணுக்குத் தெரியும்படி, அதே பாலினத்தவராக ஒருவர் வேண்டும். மேல்தட்டு 1 விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள், வருமானத்தில் கீழ்ப்பாதியில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு மிகுதியாகக் கண்டுபிடிப்பாளர்கள் ஆகிறார்கள் என்பதும், திறமை வேறுபாட்டைக் கொண்டு அந்த இடைவெளியின் சிறு பகுதியையே விளக்க முடிகிறது என்பதும் அதே ஆய்வு சொல்லும் வேறு செய்திகள்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதாவின் வாழ்க்கையைப் பாருங்கள். பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். மருத்துவம் படித்தால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டுப் போக நேரும்; நேரம் வகுத்த வேலையாகப் பொறியாளர் வேலையைக் கருதினார். தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்ததனால்தான் அந்த எண்ணம் நடைமுறைக்கு வந்தது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் தனி ஒருவராக இருக்க வேண்டாம் என்று மேலும் பெண்களைச் சேர்க்க ஏற்பாடாகி, லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகியோரும் வந்தார்கள். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதித் தர வேண்டியிருந்தது. பக்ரா நங்கல் அணையின் மின்பொறியியல் பணிகளில் பின்னாளில் அவருக்குப் பங்குண்டு. அவர் படம் சுவரில் இருக்கட்டும். அதோடு உங்கள் ஊர் மின்வாரிய அலுவலகத்தில் பணிபுரியும் உதவிப் பொறியாளர் அம்மையார் ஒருவரை அழைத்து, மாணவியரோடு ஒரு பிற்பகல் முழுவதும் இருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு அறிவியல் வகுப்பு மிகவும் பிடிக்கும், ஆனால் விஞ்ஞானியாகும் எண்ணம் சிறிதும் இல்லை என்கிறான். இது முரண்பாடாக இல்லையா?
— ஒரு தாயார், லண்டன்

பதில்: தங்கள் ஊரிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையிலான குழு, பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள இங்கிலாந்து மாணவர்களிடம் கேட்டபோது, மிகப் பெரும்பாலானோர் அறிவியல் வகுப்பு சுவையானது என்றார்கள். விஞ்ஞானியாக விரும்பியவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் மட்டுமே. அறிவியல் படித்தால் மருத்துவர், விஞ்ஞானி, அறிவியல் ஆசிரியர் என்ற மூன்று வேலைகள்தான் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். அத்துறைகளில் இருக்கும் உறவினரோ நண்பரோ உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் குறுகிய எண்ணம் குறைவு. இத்தகைய அறிமுகங்களையும் தொடர்புகளையும் அக்குழுவினர் அறிவியல் மூலதனம் என்று அழைக்கிறார்கள். மகனிடம் எதையும் வற்புறுத்த வேண்டாம். பாலம் கட்டுபவர், குடிநீரைச் சோதிப்பவர், செவித்திறன் கருவி வடிவமைப்பவர் போன்றோர் யாரேனும் தெரிந்தவராக இருந்தால் ஒருநாள் விருந்துக்கு அழையுங்கள்.

கேள்வி: தனி ஓர் ஆசிரியரால் இதில் என்ன செய்துவிட முடியும்? எங்கள் பள்ளியில் ஆய்வகமே பெயரளவுக்குத்தான் இருக்கிறது.
— நடுநிலைப்பள்ளி ஆசிரியர், அறந்தாங்கி

பதில்: அமெரிக்காவில் ஆய்வாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களுமாக 116 பேரிடம் எடுத்த நேர்காணல்களில், 65 விழுக்காட்டினர் தங்கள் ஆர்வம் நடுநிலைப் பள்ளிக்கு, அதாவது அங்கே ஏறத்தாழ ஆறாம் வகுப்புக்கு, முன்பே தோன்றியதாகக் கூறினார்கள், பள்ளியில் நடந்தவற்றைக் காரணமாகச் சொன்னவர்களில் பெண்களின் பங்கு அதிகம். நினைவிலிருந்து, அதுவும் இத்துறைகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே சொன்னவை என்பதால், தலைமையாசிரியருக்கு நான் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இருந்தாலும், தங்கள் வகுப்பு வந்துசேரும் வயது முக்கியமானது என்பதில் ஐயமில்லை.

ஆய்வகம் இல்லாமை பெரிய தடையாக இராது. இராமேசுவரம் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கியது மாணவர்களுக்குப் புரியாமல் போகவே, மாலையில் எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டியதை, அவருடைய மாணவர் அப்துல் கலாம் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி, புரியவில்லை என்று பிள்ளைகள் துணிந்து சொன்னதும் ஆசிரியர் அதற்குச் சினம் கொள்ளாததும்தான். வானவில் மன்றம் என்ற பெயரில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடைபெறும் எளிய சோதனைகளில், சோதனையைச் செய்து காட்டுவதோடு நில்லாமல், ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் அதைக் கொடுத்துத் தவறாகச் செய்யவும் விட வேண்டும்.

பெரிய வகுப்பு மாணவர்களுக்கு வேறொன்று தேவைப்படுகிறது: தங்களைப் பெரியவர்களாக மதித்துப் பேசும் ஒருவர். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ச் சந்தித்து, அவருடைய நூலைத் தாம் முழுவதும் படித்திருப்பதாகச் சொன்னார். அந்த இயற்பியல் எல்லாம் பழையதாகிவிட்டது என்று சொன்ன பேராசிரியர், எலக்ட்ரான்களைக் கணக்கிடும் புதிய புள்ளியியல் முறையைக் கையாண்ட, அச்சுக்குப் போகவிருந்த தம் கட்டுரையின் படியையே அந்த மாணவர் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டிலேயே சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை லண்டனில் வெளியாயிற்று. 1930-இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போது அந்தப் புதிய புள்ளியியலைக் கொண்டுதான் எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் எடை வரம்பைக் கணக்கிட்டார். நீ படித்தது பழையது என்ற சொல்லோடு உரையாடல் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது உயிரியலில் நாட்டம் ஏற்பட்டிருக்கிறது. வயது 29. காலம் கடந்துவிட்டதா?
— ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976-இல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, உயிரியலே இனி வளரும் துறை என்று முடிவு செய்து, சான் டியேகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் வகுப்புகளில் உட்கார்ந்தார். பிறகு ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்கவில்லை. உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவரின் நடுவழி இப்படித்தான் இருந்தது. ஆகவே, வயது தடையில்லை. வருமானமில்லாத சில ஆண்டுகளுக்கு வீடு ஆயத்தமாக இருக்கிறதா என்பதே தடை.

வேலையை விடுவதற்கு முன் செய்யக்கூடியவை உள்ளன. தங்கள் இருப்பிடத்துக்கு அருகில் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிவழி உயிரியலில் ஆய்வு நடைபெறுகிறது; அங்கே நடைபெறும் பொது உரைகளுக்குச் சென்று, பேசியவரிடம் நேரில் கேளுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மரபணுத் தரவுகளை அலசும் குழுக்களில் தேவை இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகள், மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத் தாளையும் எழுதலாம். அதன் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வார இறுதிகளில் ஆறு மாதம் படித்துப் பாருங்கள். அப்போதும் நாட்டம் குறையாமல் இருந்தால், வீட்டாரோடு உட்கார்ந்து செலவுக் கணக்கைப் போடத் தொடங்கலாம்.